பஞ்சுருட்டானுக்கு எதிரே உட்கார்ந்திருந்தபோது

சின்னப் பறவைகளை நெருங்கிப் படம் எடுக்க விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பெயர் பச்சைப் பஞ்சுருட்டான். தையல்சிட்டும் தேன்சிட்டும் இலைகளுக்குள் புகுந்து புகுந்து போகும்; கழுத்து வலிதான் மிஞ்சும். பஞ்சுருட்டான் வெட்டவெளியில், வேலிக் கம்பியிலோ பட்டுப்போன கிளையிலோ எல்லாரும் பார்க்க உட்கார்ந்திருக்கும். பறந்து போய்ப் பூச்சியைப் பிடித்துக்கொண்டு பெரும்பாலும் கிளம்பிய இடத்துக்கே திரும்பிவிடும். அந்த வழக்கத்தை நம்பினால் பறவையின் பின்னால் ஓடவே வேண்டாம்.

திருநெல்வேலி மாவட்டத்தின் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு வருகிறவர்கள் மஞ்சள்மூக்கு நாரையையும் பூநாரையையும் பார்க்க வருகிறார்கள். எனக்கோ அந்தப் பக்கத்து வயல் வேலிகள்தான் பிடித்தமானவை. காலையில் வெயில் ஏறும் முன்பே போய், பறவை எந்தக் கம்பிக்குத் திரும்புகிறது என்று தூரத்திலிருந்து பார்த்துக்கொள்வேன். அது பறந்து போயிருக்கும் நேரத்தில், சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி கம்பிக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிடுவேன். பறவை பார்த்துக்கொண்டிருக்கும்போது அடியெடுத்து வைத்தால் பறந்துவிடும். திரும்பி வரும்போது ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருக்கும் ஆளை, சற்றுத் தயங்கினாலும், ஏற்றுக்கொள்கிறது. 400 மி.மீ. லென்ஸில் படச்சட்டம் நிறையும் அளவுக்கு அப்படித்தான் அது எனக்குக் கிடைத்தது.

ஒருமுறை தேனீயோடு வந்து உட்கார்ந்தது. கம்பியில் இடமும் வலமுமாக அடித்த சத்தம் எனக்கே கேட்டது. பிறகு தேனீயை அலகில் திருப்பிப் பிடித்து, வயிற்று நுனியைக் கம்பியில் அழுத்தித் தேய்த்தது. கொடுக்கும் நஞ்சும் போனால்தான் விழுங்கும். சிவந்த கண், அதன் குறுக்கே கறுப்புக் கோடு, தொண்டைக்குக் கீழே மெல்லிய கறுப்பு வளையம், வால் நடுவில் ஊசிபோல் நீண்டிருக்கும் இரண்டு இறகுகள், எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. அந்த அடி மிக வேகமானது. ஷட்டர் வேகம் 1/2000 நொடியாகவோ அதைவிட வேகமாகவோ இருந்தால்தான் தலை கலங்காமல் பதியும்.

இனி, என்னை வருத்துகிற விஷயம். மார்ச் முதல் ஜூன் வரை இவை மண் சரிவில் வளை தோண்டி முட்டையிடும். இரையோடு பறவை எங்கே வரும் என்பது வளையில் உறுதி என்பதால், அதற்கு நேர் எதிரே கேமராக்களோடு கூட்டமாக உட்கார்ந்துவிடுகிறார்கள். அப்படி ஒரு நாள் தாய்ப்பறவையோ தந்தைப்பறவையோ ஒன்று, அலகில் தட்டானோடு கம்பியில் தவித்ததைப் பார்த்தேன். வளையை நோக்கிக் கிளம்பும், பாதியில் திரும்பும், மறுபடி கம்பிக்கே வரும். உள்ளே குஞ்சுகள் பசியோடு இருந்திருக்கும். எதிரே இருந்தவர்களோ, 'இன்னும் கொஞ்சம் இருங்கள், வந்துவிடும்' என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அது வராததற்குக் காரணம் உண்டு. உயிரியலாளர் மிலிந்த் வாட்வேயும் குழுவினரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு இதே பறவையைப் பற்றியது. வளையைப் பார்க்க முடிகிற இடத்தில் மனிதர் நின்றபோது பறவைகள் உள்ளே போகத் தயங்கின. அதே தூரத்தில், வளை கண்ணில் படாத இடத்தில் நின்றபோது அந்தத் தயக்கம் குறைந்தது. நாம் பக்கத்தில் இருக்கிறோம் என்பதைவிட, நமக்கு வளை தெரிகிறதா என்பதையே அது கவனிக்கிறது. ஆகவே மறைப்புத் துணி போர்த்திக்கொண்டு வளைக்கு முன்னால் உட்காருவதை என்னால் ஏற்க முடியவில்லை. வேலியில் கிடைக்காத எந்தப் படமும் அங்கே கிடைத்துவிடாது.

புதிதாகப் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பிடித்த பூச்சியை விழுங்காமல் அலகிலேயே வைத்துக்கொண்டு பறவை நெடுநேரம் காத்திருந்தால், பக்கத்தில் வளை இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆண் பறவை தன் ஜோடிக்கு ஊட்டவும் இரை கொண்டுவரும், ஆனால் அதைச் சீக்கிரம் கொடுத்துவிடும். காத்திருப்பு நீண்டால் எழுந்து பின்வாங்கி, அது உள்ளே போகும் வரை விலகியே இருங்கள்.