கன்கூனில் ஒரே ஒரு நாள் கிடைத்தால்: முயிலா, துலுமா, சிச்சென் இட்சாவா?

கோப்பாய்த்தம்பி:

வணக்கம் எல்லாருக்கும். தை மாதக் கடைசியில் அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு ரொறன்ரோவுக்கு அக்கா வீட்டுக்குப் போகிறோம். அவர்கள் அந்தக் குளிர் தாங்கமாட்டார்கள் என்று அத்தான் நடுவில் ஒரு கிழமைக்கு எல்லாரையும் மெக்சிகோவின் கன்கூனுக்குக் கூட்டிப் போகிறார். ஹோட்டலெல்லாம் போட்டாயிற்று. சாப்பாடு, நீச்சல் தடாகம், கடற்கரை எல்லாம் ஹோட்டலுக்குள்ளேயே இருக்கிறதாம், பிள்ளைகளுக்கு அது காணும். எனக்கு அவ்வளவு தூரம் போய் மதிலுக்குள்ளே இருந்துவிட்டு வர மனமில்லை.

ஆகவே ஒரு நாளை மட்டும் அத்தானிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். அந்த நாளில் மாயன் காலத்து இடம் ஒன்றையும், அந்தக் கரையின் கண்டல் காடு, களப்பு, பறவை இதுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், வழிகாட்டி ஒருவரும் வேண்டும். ஹோட்டல்காரர் அனுப்பிய பட்டியலில் முதலில் நிற்பது மாயன் பிரமிட்டு உள்ள சிச்சென் இட்சா, அதோடு செனோத்தே என்கிற நன்னீர்க் குழியில் ஒரு குளிப்பு, ஒரு பழைய நகரம், நடுவில் பஃபே. விடிய ஏற்றி இருட்டினபிறகுதான் இறக்குவார்கள் போல. அடுத்தது துலும், கடலோர மாயன் நகரம். முயில் என்றொரு இடமும் கண்ணில் படுகிறது, அங்கிருந்து சியான் கான் என்ற இயற்கைக் காப்பகத்துக்குள் படகில் போகலாமாம்.

அப்பா ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், ஒரு பழைய கல்லைக் கண்டால் அதை விட்டு நகரமாட்டார். அம்மாவுக்கு முழங்கால் நோ, சுத்த சைவம். இரண்டு பேருக்கும் நீந்தத் தெரியாது. போய் வந்தவர்கள் எது சரி என்று சொல்லுங்கள்.

ஸ்காபரோ பருத்தித்துறையான்:

தம்பி, முயிலுக்குப் போங்கள். இவ்வளவு விபரம் நீங்கள் சொன்னபிறகு எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

சிச்சென் இட்சா பெரிய இடம்தான், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கன்கூனிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீற்றர் உள்நாட்டுப் பக்கம். போக இரண்டரை மணித்தியாலம், வர இரண்டரை மணித்தியாலம், அதுக்கு மேல் ஹோட்டல் ஹோட்டலாக ஆள் ஏற்றும் நேரம், வழியில் நினைவுப்பொருள் கடையில் இறக்கிவிட்டுக் காத்திருக்கும் நேரம். கடைசியில் அந்தப் பிரமிட்டுக்கு முன்னால் கொளுத்தும் வெயிலில் கொஞ்ச நேரம்தான் மிஞ்சும். கடலும் இல்லை, கண்டலும் இல்லை. நீங்கள் கேட்டது கரையோரம் அல்லவா?

துலும் கன்கூனுக்குத் தெற்கே 130 கிலோமீற்றர். அதே 307ஆம் இலக்க வீதியில் இன்னும் 20 கிலோமீற்றர் அளவு போனால் முயில். சியான் கான் காப்பகம் 1986இல் அறிவிக்கப்பட்டு 1987இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது, 5 லட்சம் ஹெக்டேயருக்கு மேல், அதாவது எங்கள் யாழ்ப்பாண மாவட்டத்தைப் போல் ஐந்து மடங்கு. அதன் ஒரு மூலைதான் முயில். காடு, களப்பு, மாயன் கட்டடம் மூன்றும் நடக்கிற தூரத்துக்குள் ஒன்றாகக் கிடைப்பது அங்கேதான்.

காலையில் முதலில் கட்டடங்களைப் பாருங்கள். கஸ்தீயோ என்று சொல்லும் கோபுரம் 17 மீற்றர் உயரம், ஏற விடமாட்டார்கள், ஆனால் மர நிழலில் நின்று ஆறுதலாகப் பார்க்கலாம், சனமும் குறைவு. கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளிலிருந்தே ஆட்கள் இருந்த ஊர் அது, கரையோரத்தில் மிக நீண்ட காலம் குடியிருப்பாக இருந்த இடங்களில் ஒன்று. உப்பு, தேன், கொக்கோ, பச்சைக்கல், பறவை இறகு எல்லாம் வள்ளங்களில் வந்துபோன வழி. அங்கிருந்து காட்டுக்குள்ளால் பலகை நடைபாதை ஒன்று களப்புக்குப் போகிறது. நடுவில் மரத்தால் கட்டிய உயரமான காவல்பரண் ஒன்று உண்டு. அதன் படி ஏணி மாதிரிச் செங்குத்து, அம்மாவை ஏறவிட வேண்டாம். நீங்கள் ஏறினால் காட்டுக்கு மேலால் நீலமும் பச்சையுமாகக் களப்புத் தெரியும், அதற்கும் அப்பால் கடல்.

பிறகு படகு. ஒரு களப்பைக் கடந்து, ஒடுங்கிய வாய்க்கால் ஒன்றால் அடுத்த களப்புக்குள் நுழைவீர்கள். அந்த வாய்க்காலை மாயன்கள் வெட்டியிருக்கிறார்கள். அதையும் தாண்டி இன்னொரு வாய்க்கால், அதன் கரையில் சின்னக் கற்கோயில் ஒன்று, அந்த இடத்தில்தான் தண்ணீரில் இறக்குவார்கள். லைஃப் ஜாக்கெட்டைத் தோளில் போடாமல் கால் இரண்டையும் அதன் கைத்துளைகளுக்குள் விட்டு, கதிரையில் இருப்பதுபோல் அதன்மேல் இருக்கச் சொல்லுவார்கள். நீந்தத் தேவையில்லை. நீரோட்டமே மெதுவாகக் கொண்டு போகும். இரண்டு பக்கமும் புல்லும் கண்டலும், காலுக்குக் கீழே மணல் தெரியும் அளவுக்குத் தெளிந்த தண்ணீர், சின்ன மீன்கள் முழங்காலை உரசிக்கொண்டு போகும். பேசாமல் மிதந்தால் கொக்கும் நீர்க்காகமும் பயமில்லாமல் பக்கத்திலேயே நிற்கும். அப்பாவையும் இறக்குங்கள், அவர் விட்டு வரமாட்டார்.

வழிகாட்டி விஷயத்தில் ஒன்று கவனியுங்கள். முயிலில் அந்த ஊர் மாயன் குடும்பங்களே கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து படகு ஓட்டுகிறார்கள், வழிகாட்டுகிறார்கள். கன்கூனிலிருந்து வாகனம் மட்டும் பிடித்துக்கொண்டு போய் அவர்களிடம் சீட்டு எடுத்தால் காசு அந்தக் கைகளுக்கே போகும், அந்தக் காட்டைத் தெரிந்த ஆளும் கிடைப்பார். காசு பெசோவாக நோட்டில் வைத்திருங்கள்.

வலிகாமத்து ரீச்சர்:

நான் புவியியல் படிப்பிக்கிறேன், அதனால் இதை எழுதாமல் போக முடியவில்லை.

கோப்பாய்த்தம்பி, கன்கூன் இருக்கிற யுகட்டான் குடாநாட்டுக்குப் போகிற யாழ்ப்பாணத்தான் அந்தத் தண்ணீரைக் கவனித்துப் பார்க்க வேண்டும். அங்கேயும் சுண்ணக்கல் தரை. வடக்குப் பாதி முழுவதும் தேடினாலும் சொல்லும்படி ஓர் ஆறு மேலே ஓடுவதில்லை, மழை விழுந்தவுடன் கல்லின் வெடிப்புகளுக்குள்ளால் கீழே இறங்கிவிடும். கீழே அது கல்லைக் கரைத்துக் கரைத்துக் குகையாக்குகிறது, குகையின் கூரை இடிந்து விழுந்தால் அதுதான் செனோத்தே. புத்தூர் நிலாவரைக் கிணற்றை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே நல்ல தண்ணீர், ஆழம் போகப் போக உப்பு. நன்னீர் பாரம் குறைந்தது, கடல்நீருக்கு மேல் ஒரு படையாக மிதக்கிறது. செனோத்தேக்களிலும் அதே கதை, நன்னீரும் உப்புநீரும் சேரும் மட்டத்தில் சுழியோடிகளுக்குப் பார்வை மங்கும் என்பார்கள். துலும் பக்கத்துத் தண்ணீர்க் குகைகள் இரண்டு ஒன்றோடொன்று தொடுப்பதை 2018இல் கண்டுபிடித்து மொத்த நீளம் 347 கிலோமீற்றர் என்று அளந்தார்கள். நீங்கள் வாகனத்தில் போகும் வீதிக்குக் கீழேயே தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்.

களப்பிலோ செனோத்தேயிலோ இறங்கும் முன் சன்ஸ்கிரீன், நுளம்புக்குப் பூசும் எண்ணெய், வாசனைத் தைலம் ஒன்றும் பூச வேண்டாம் என்று சொல்லுவார்கள். தயவுசெய்து அதைக் கேளுங்கள். சுண்ணக்கல்லுக்குள் ஒரு இடத்தில் விட்டது இன்னொரு இடத்தில் வரும், வடிகட்ட மண் இல்லை. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்த காலத்தில் அது எவ்வளவு தூரம் பரவியது என்று நாங்கள் எல்லாரும் பார்த்தோம்தானே. நீளக்கை உடுப்பும் தொப்பியும் கொண்டுபோனால் வெயிலுக்குக் காணும்.

கண்டலைப் பற்றியும் ஒரு சொல். அங்கே கூடுதலாகக் காண்பது சிவப்புக் கண்டல், தண்ணீருக்குள் கால் கால் ஆக வேர் ஊன்றி நிற்கும். மண்டைதீவுப் பக்கம் நாங்கள் பார்க்கிற கண்டலுக்கு நெருங்கிய சொந்தம். வெளியே கடலில் மெசோஅமெரிக்கப் பவளத்திட்டு, உலகத்தில் இரண்டாவது பெரியது. கண்டலுக்குள் குஞ்சாக வளர்ந்த மீன்தான் பிறகு பவளத்துக்குப் போகிறது, கண்டலை வெட்டினால் மீனவனுக்கு அடி விழுவது அங்கேயும் அப்படித்தான். பூநாரையை மட்டும் முயிலில் எதிர்பார்க்க வேண்டாம், அது யுகட்டானின் வடக்கு, மேற்குக் கரையில்தான் கூட்டமாக நிற்கும். அதைப் பார்க்க நீங்கள் சுண்டிக்குளம் போனாலே போதும்.

வல்வைக் கடலோடி:

மேலே இரண்டு பேர் சொன்னதும் சரி. ஆனால் வரலாற்று ஆசிரியர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு துலுமைத் தாண்டிப் போய் அதைப் பார்க்காமல் வருவதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். வழியில்தானே இருக்கிறது. கதவு திறக்கிற நேரத்துக்கே போய்ச் சேர்ந்தால் சனம் வருமுன் பார்த்துவிட்டு அப்புறம் முயிலுக்கு இறங்கலாம்.

கடலுக்கு நேரே, பாறை விளிம்பில் கட்டிய மதில் நகரம் அது. மூன்று பக்கம் மதில், நாலாவது பக்கம் கடல். 13ஆம் நூற்றாண்டிலிருந்து 15ஆம் நூற்றாண்டு வரை அதன் செழிப்பான காலம். 1518இல் ஸ்பானியர் கிரிஹால்வாவின் கப்பல்கள் இந்தக் கரையோரமாகப் போனபோது இங்கே ஊர் உயிரோடு இருந்தது. அங்குள்ள பெரிய கட்டடத்துக்கு நேரே வெளியே பவளத்திட்டில் ஒரு வாசல் இருக்கிறது, வள்ளம் உள்ளே வரக்கூடிய இடம். கல்லும் பாரும் நிறைந்த கடலில் வாசல் பார்த்து ஓடுவது என்னவென்று எங்கள் ஊரில் யாரையும் கேட்டுப் பாருங்கள். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அத்திலாந்திக்கைக் கடந்து அமெரிக்காவின் குளொஸ்ரர் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. அந்த மண்ணில் பிறந்ததால் எனக்கு இந்தக் கரையோர வியாபாரிகள்மேல் ஒரு தனி மரியாதை.

அப்பாவிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். 1562இல் மானி என்ற ஊரில் தியேகோ தே லண்டா என்ற பாதிரியார் மாயன் புத்தகங்களைக் குவித்துக் கொளுத்தினார். இன்றைக்கு உலகத்தில் மிஞ்சியிருப்பவை நான்கே நான்கு: ட்ரெஸ்டன், மட்ரிட், பாரிஸ் நகரங்களில் மூன்று, மெக்சிகோவில் ஒன்று. ட்ரெஸ்டனில் உள்ளதில் வெள்ளிக் கோளின் ஓட்டமும் கிரகணங்களும் கணக்கிட்டு எழுதியிருக்கிறது. 1981இல் 97,000 நூல்களோடு எரிந்த யாழ்ப்பாண நூலகம் எங்களுடையது. இதை எங்களுக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அதே லண்டா மாயன் எழுத்தைப் பற்றி எழுதிவைத்த குறிப்பைப் பிடித்துக்கொண்டுதான் 1952இல் யூரி க்னோரோசோவ் என்ற சோவியத் அறிஞர் அந்த எழுத்தை வாசிக்கும் வழியைத் திறந்தார். ஒரு மொழியின் ஏட்டை எரித்தாலும் ஆட்களிடம் மொழி இருந்தது. யுகட்டான் மாயன் மொழியை இன்றும் 7 லட்சத்துக்கு மேற்பட்டோர் பேசுகிறார்கள். முயிலில் படகு ஓட்டுபவர் தன் தோழனோடு கதைப்பது அநேகமாக அந்த மொழிதான். மாயன்கள் மாயமாகி மறைந்துவிட்டார்கள் என்று சொல்கிற வழிகாட்டி கிடைத்தால் ஆளை மாற்றுங்கள். அதேபோல் மாயனும் தமிழனும் ஒரே குடி என்று காட்டும் வீடியோக்களையும் நம்பிக்கொண்டு போகாதீர்கள். சுழியத்துக்குச் சிப்பி வடிவம், ஒன்றுக்குப் புள்ளி, ஐந்துக்குக் கோடு என்று இருபதின் அடியில் அவர்கள் எண்ணிய கணக்கு அவர்கள் தாங்களே கண்டது. அந்தப் பெருமை அவர்களுக்கே இருக்கட்டும்.

கோப்பாய்த்தம்பி:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், புத்தகம் எரித்த பகுதியை இரண்டாம் தரமும் வாசிக்கச் சொன்னார். அப்படியானால் காலையில் துலும், பிறகு முயில் என்று எடுக்கிறேன். அம்மா துலுமில் நடப்பாரா? சாப்பாடு என்ன செய்வது? எங்களிடம் இருப்பது இலங்கைக் கடவுச்சீட்டும் கனடா விசிற்றர் விசாவும்தான், மெக்சிகோவுக்கு வேறு விசா எடுக்க வேண்டுமா?

ஸ்காபரோ பருத்தித்துறையான்:

செல்லுபடியான கனடா விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டாம் என்பதுதான் நடைமுறை. ஆனால் அது பல தடவை நுழையும் விசாவா என்று பாருங்கள், இல்லாவிட்டால் திரும்பிக் கனடாவுக்குள் வருவது பிரச்சினையாகும். ரிக்கெற் போடுமுன் மெக்சிகோத் தூதரகத்தின் இணையப் பக்கத்திலும் ஒருக்கால் பார்த்துவிடுங்கள், விதிகள் மாறக்கூடியவை.

துலும் அம்மாவுக்குக் கஷ்டம்தான். வாகனம் நிறுத்துமிடத்திலிருந்து வாசலுக்கே நல்ல நடை, உள்ளே நிழல் மிகக் குறைவு. விடியவே போனால் சமாளிப்பார். குடை கொண்டுபோங்கள். வெயில் ஏறினபிறகுதான் போய்ச் சேர முடியும் என்றால் துலுமை விட்டுவிட்டு நேரே முயிலுக்குப் போங்கள், இரண்டையும் ஓடி ஓடிப் பார்க்காதீர்கள். படகில் ஏறி இறங்கும் இடத்தில் மரப்படி இருக்கும், அம்மா மிதக்க விரும்பாவிட்டால் படகிலேயே இருக்கலாமா என்று சீட்டு எடுக்கும்போதே கேளுங்கள். கடற்பசுவும் டொல்பினும் காட்டுகிறோம் என்று புந்தா ஆயென் பக்கம் கூப்பிடுவார்கள். அந்த வீதி கிடங்கும் பள்ளமும், முழங்கால் நோவோடு வேண்டாம்.

சாப்பாட்டில்தான் கவனம். சோளரொட்டி, அவித்த கறுத்த அவரை என்று பார்த்தால் சைவம் மாதிரித் தெரியும், ஆனால் அவரையைப் பன்றிக்கொழுப்பில் வதக்குவது அங்கே வழக்கம். அதற்கு மன்தேகா என்று பெயர். "சின் மன்தேகா, சின் கார்னே" என்று சொன்னால் கொழுப்பும் இறைச்சியும் வேண்டாம் என்று விளங்கும். அவகாடோ, பப்பாசி, முட்டை இல்லாத சோளரொட்டி எங்கும் கிடைக்கும். ஹபனேரோ மிளகாய்ச் சம்பலை மட்டும் முதலில் விரல் நுனியில் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், எங்கள் கொச்சிக்காயை விடக் காரம்.

தையில் மழை குறைவு, கரையில் ஒதுங்கும் சர்காசம் பாசியும் அந்த மாதத்தில் பெரும்பாலும் இராது. ரொறன்ரோ நேரமும் கன்கூன் நேரமும் அப்போது ஒன்றுதான், மணிக்கூட்டை மாற்றத் தேவையில்லை. வாகனக்காரரிடம் விடிய ஆறு மணிக்கு ஹோட்டல் வாசலில் நிற்கும்படி முதல் நாளே சொல்லி வையுங்கள்.