தெருவுக்குள் தீயணைப்பு வண்டி வர முடியவில்லை: ஒத்திகைக்கு யாரைக் கேட்பது?

ரெண்டாவது_குறுக்கு:

வணக்கம். மேடவாக்கம் பக்கம் பன்னிரண்டு வீடுகள் உள்ள ஒரு பழைய அடுக்குமாடியில் இருக்கிறேன். இந்த வருடம் சங்கச் செயலாளர் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது (வேறு யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்).

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டாவது மாடியில் ஒரு வீட்டுச் சமையலறை பற்றிக்கொண்டது. வடைக்கு எண்ணெய் காயவைத்துவிட்டு அந்த அம்மா கீழே காய்கறி வண்டிக்காரரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். வாணலி பற்றியதைப் பார்த்த மகன் பதறிப்போய் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்ற, குப்பென்று எழும்பி சிம்னி, மேல் அலமாரிக் கதவு எல்லாம் பிடித்துக்கொண்டது. பையனுக்கு முன்கையில் கொப்புளம், அதோடு தப்பினான். லிஃப்ட் பக்கத்தில் மாட்டியிருந்த சிவப்பு சிலிண்டரை நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன். பின்னைப் பிடுங்கி அழுத்தினால் காற்றுகூட வரவில்லை. மூன்று வருடமாக அதற்கு மேல் குடை மாட்டிவைத்திருக்கிறோம், ஒருவரும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்ததில்லை.

101க்குப் போன் செய்தவர் "ரெண்டாவது குறுக்குத் தெரு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். எங்களைச் சுற்றி நான்கு நகர்கள், நான்கிலும் ஒரு ரெண்டாவது குறுக்குத் தெரு. வண்டி முதலில் பக்கத்து நகருக்குப் போய்விட்டது. அப்புறம் சரியான தெருவுக்கு வந்தும் உள்ளே நுழைய முடியவில்லை, இரண்டு பக்கமும் கார்கள். கடைசியில் அவர்கள் முனையிலேயே வண்டியை நிறுத்தி, ஹோஸைச் சுருள் சுருளாகத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார்கள். வந்த பிறகு தீயை அணைக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அணைத்ததும் கிளம்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். ஒருவர் மட்டும் நின்று, புறங்கையால் சுவரை, பரணை, பக்கத்து அறைக் கதவை எல்லாம் தொட்டுத் தொட்டுச் சூடு பார்த்துவிட்டுத்தான் இறங்கினார். அது மனதில் நின்றுவிட்டது.

சரி, கேள்விக்கு வருகிறேன். எங்கள் கட்டடத்தில் ஒரு ஒத்திகை நடத்தித்தர வேண்டும் என்றால் யாருக்குக் கடிதம் கொடுப்பது, கட்டணம் உண்டா? அதைவிடப் பெரிய தலைவலி தெரு. கார்காரர்களிடம் சண்டை போடாமல் வழியை எப்படிக் காலியாக வைப்பது? யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

அம்பத்தூர்_பிளாக்_சி:

நாங்கள் போன வருடம் செய்தோம். பக்கத்து நிலையத்துக்கே நேரில் போய், சங்க லெட்டர்ஹெட்டில் நிலைய அலுவலருக்கு ஒரு கடிதம் கொடுத்தோம். எங்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. ஒன்று மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: குறித்த தேதியில் அவர்களுக்கு அழைப்பு வந்துவிட்டால் வர மாட்டார்கள். எங்களுக்கு இரண்டு முறை தள்ளிப்போனது, ஷாமியானாக்காரருக்கு இரண்டு முறை வாடகை கொடுத்தோம் :)

ஏப்ரல் 14 முதல் 20 வரை கேட்காதீர்கள். அது தீத்தொண்டு வாரம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று அவர்களுக்கு ஓயாத ஓட்டம். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்து, தீயை அணைக்கப் போன வீரர்கள் பலர் இறந்துபோனார்கள், அதன் நினைவாகத்தான் அந்தத் தேதி. ஜூன், ஜூலையில் கேட்டால் நிம்மதியாக வருவார்கள்.

ஒத்திகையில் ஒரு தகரத் தட்டில் டீசலைக் கொளுத்திவிட்டு "யார் அணைக்கிறீர்கள்" என்றார்கள். வாட்ஸ்அப்பில் தினமும் அறிவுரை அனுப்பும் ஆண்கள் எல்லாம் ஓரடி பின்னால் நகர, எழுபது தாண்டிய ஒரு மாமி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார். பின்னை எடுக்கத் திணறினார், பிளாஸ்டிக் சீல் இறுக்கமாக இருந்தது. அதைத் திருகி உடைக்க வேண்டும் என்பதே எங்களில் பாதிப் பேருக்கு அன்றுதான் தெரியும். தீயின் உச்சியில் அடிக்கக் கூடாது, அடியில் பிடித்து இடம் வலமாக வீச வேண்டும். உங்கள் குடை மாட்டும் சிலிண்டரில் சின்ன மீட்டர் இருக்கும், முள் பச்சையில் நிற்கிறதா என்று மாதம் ஒருமுறை வாட்ச்மேனைப் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்புக்குப் போயிருந்தால் ரீஃபில் செய்ய வேண்டும்.

கார்_வாங்கினது_தப்பா:

எல்லாரும் கார்காரன் தலையிலேயே கட்டுங்கள். பில்டர் பன்னிரண்டு வீட்டுக்கு ஆறு பார்க்கிங் போட்டு விற்பான், மீதி ஆறு பேர் காரைத் தலையிலா தூக்கி வைத்துக்கொள்வது? ரோட்டில் பாதியை வாசல் ராம்ப் போட்டு வளைத்தவர்களைப் பற்றி ஒருத்தரும் வாய் திறப்பதில்லை.

ஓய்வு_முன்னணி:

முன்னணி தீயணைப்போராக இருந்து ஓய்வு பெற்றவன். செயலாளர் தம்பி, உங்கள் பதிவைப் படித்ததும் கை சும்மா இருக்கவில்லை, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் பையனைத் திட்டாதீர்கள். எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றாத வீடு அபூர்வம். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம், அடியில் போய் நொடியில் ஆவியாகி, எரிகிற எண்ணெயையே மேலே தூக்கி வீசும். அடுப்பை நிறுத்து, ஒரு தட்டையோ மூடியையோ பக்கவாட்டில் தள்ளி வாணலியை மூடு, ஆறும் வரை திறக்காதே. இவ்வளவுதான் பாடம். கேஸ் வாடை வந்தால் ஸ்விட்ச்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடிவிட்டு ஜன்னல் கதவைத் திறந்து வெளியே வந்து 1906க்குக் கூப்பிடுங்கள். அந்த வாயு காற்றைவிடக் கனம், தரையோடு தங்கி நிற்கும்.

101க்குப் பேசும்போது தெருப் பெயரைக் கடைசியாகச் சொல்லுங்கள். முதலில் ஊர், அப்புறம் மெயின் ரோடு, அந்தத் திருப்பத்தில் என்ன கோயில், என்ன கடை, அதற்குப் பிறகு நகர், தெரு. என்ன எரிகிறது, உள்ளே ஆள் இருக்கிறார்களா என்று சொல்லி, அவர்கள் வைக்கும் வரை நீங்கள் போனை வைக்காதீர்கள். ஒரு ஆளை மெயின் ரோட்டு முனையில் நிறுத்துங்கள், கையில் பளிச்சென்று ஒரு துண்டு. ராத்திரி என்றால் டார்ச். நாங்கள் தெருப் பெயர்ப் பலகையைத் தேடுவதைவிடத் துண்டு ஆட்டுகிறவரைத்தான் தேடுவோம்.

தெரு விஷயத்துக்கு வாய்ச்சண்டை உதவாது, கம்பு எடுங்கள். அடிக்க இல்லை! எங்கள் வண்டி எட்டடிக்குச் சற்றுக் கூடுதல் அகலம், இரண்டு பக்கக் கண்ணாடி வேறு, ஆட்கள் கதவைத் திறந்து இறங்கவும் இடம் வேண்டும். பத்தடிச் சவுக்குக் கம்பு ஒன்று வாங்கி, இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக் குறுக்காக, இடுப்பு உயரத்தில், மெயின் ரோட்டிலிருந்து உங்கள் கேட் வரை நடங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் நடங்கள், எல்லா வண்டியும் வந்து நிற்கும் நேரம் அது. எங்கே இடிக்கிறதோ அங்கே சாக்பீஸில் ஒரு கோடு. திருப்பத்தில் மட்டும் இன்னும் தாராளமாக இடம் விடுங்கள், நேர்த்தெருவில் போகிற வண்டி முனையில்தான் மாட்டும். கேபிள் ஒயர் தொங்குவதைக் கண்ணால் பார்த்தால் போதும், கம்பைத் தூக்கி அளக்காதீர்கள், மின்கம்பி இருக்கும். ஆடி மாதம் கூழ் ஊற்றப் போடுகிற பந்தலையும் கணக்கில் எடுங்கள். போடக் கூடாது என்று சொல்லவில்லை, ஒரு பக்கக் காலை அவிழ்த்துத் தள்ள வசதியாகக் கட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று. நாங்கள் கொண்டுவருவது ஏறக்குறைய 4500 லிட்டர். இரண்டு ஹோஸ் முழு வேகத்தில் ஓடினால் சில நிமிடத்தில் காலி. அடுத்து உங்கள் சம்ப்பைத்தான், அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியைத்தான் கேட்போம். சம்ப் மூடி மேல் பூந்தொட்டி, பழைய சைக்கிள், உடைந்த நாற்காலி எல்லாம் இருக்கும், சாவி ஊருக்குப் போனவரிடம் இருக்கும். இதைச் சரி செய்ய ஒரு பைசா செலவில்லை.

மாடிப்படிக்கு அடியில் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் சார்ஜ் போடுகிறீர்களா? 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜில் இருந்த ஸ்கூட்டர் எரிந்து அப்பாவும் மகளும் இறந்தார்கள். புகையில் மூச்சுத் திணறித்தான். நெருப்பு தொடுவதற்கு முன்னாலேயே புகை ஆளை முடித்துவிடும். எல்லாரும் இறங்க வேண்டிய வழியில் அதை நிறுத்தாதீர்கள். புகைக்குள் மாட்டினால் நிமிர்ந்து ஓடாமல் தரையோடு தவழ்ந்து வாருங்கள்.

பேர்தான் தீயணைப்பு, தமிழ்நாட்டில் எங்களுக்குத் தீயைவிட மீட்பு அழைப்புதான் அதிகம். கிணற்றில் மாடு, கழிவறையில் பாம்பு, விரலில் மோதிரம், குடத்தில் தலையை விட்ட குழந்தை. குடத்தை வெட்டும்போது குழந்தை அழாது, பாட்டிதான் அழுவார், குழந்தைக்காகவா குடத்துக்காகவா என்று தெரியாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் ரப்பர் படகில் போனோம். எந்த வீட்டில் நடக்க முடியாத பெரியவர் இருக்கிறார், எந்த வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி என்று எங்களுக்குச் சொன்னது ஒரு பால் போடும் பையன். உங்கள் கட்டடத்திலும் அப்படி ஒரு பட்டியல் வாட்ச்மேனிடம் இருக்கட்டும்.

தீபாவளிக்கு_டூட்டி:

என் கணவர் இப்போது இந்தத் துறையில்தான் இருக்கிறார். முன்னணி ஐயா சொன்னதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, ஒரே ஒரு கோரிக்கை. பள்ளிக்கூட லீவில் பிள்ளைகள் கையில் போனைக் கொடுத்துவிட்டு விளையாட்டாக 101 அடிக்க விடாதீர்கள். பொய் அழைப்பு என்று சந்தேகம் வந்தாலும் அவர்கள் போய்ப் பார்க்காமல் இருக்க முடியாது. கல்யாணமாகி ஒன்பது தீபாவளி, ஒன்றுகூட வீட்டில் இல்லை, அன்று ராத்திரி ராக்கெட் விழுந்த ஓலைக்கொட்டகை எங்கேயாவது எரியும். நிலையத்துப் பக்கத்துத் தெருக்காரர்கள் வருடம் தவறாமல் ஒரு தூக்கில் பலகாரம் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். பாதி நேரம் அது ஆறிப்போய்த்தான் சாப்பிடுவார்களாம்.

ரெண்டாவது_குறுக்கு:

எல்லாருக்கும் நன்றி, முன்னணி ஐயாவுக்குத் தனியாக ஒரு கும்பிடு. கம்பு வாங்கினோம். சனிக்கிழமை ராத்திரி பத்தரைக்கு நானும் இஸ்திரிக்காரரும் பிடித்துக்கொண்டு நடந்தோம், பின்னால் ஏழெட்டுப் பிள்ளைகள் சாமி ஊர்வலம் மாதிரி. பதினோரு இடத்தில் இடித்தது.

எட்டு இடத்தில் கார்கள். கோட்டைக் காட்டிப் பேசினதும் ஆறு பேர் ஒரே பக்கமாக நிறுத்தச் சம்மதித்துவிட்டார்கள், அடித்துப் பேசியிருந்தால் நடந்திருக்காது. இரண்டு பேர் "பார்க்கலாம்" என்றிருக்கிறார்கள். ஒன்பதாவது இஸ்திரி வண்டி, கம்பு இடித்த உடனே அவரே சிரித்துக்கொண்டு தள்ளிப் போட்டுவிட்டார். பத்தாவது ஒரு மணல் குவியல், யாருடையது என்று இன்னும் பஞ்சாயத்து.

பதினோராவது எங்கள் கேட் வாசல் ராம்ப். மூன்றடி ரோட்டில் நீட்டிக்கொண்டிருக்கிறது, தினமும் அதில்தான் பைக்கை ஏற்றுகிறேன், ஒருநாளும் கண்ணில் பட்டதில்லை. கார் நண்பரே, நீங்கள் சொன்னது சரிதான். மேஸ்திரிக்கு முன்பணம் கொடுத்துவிட்டோம், புதன்கிழமை உடைக்கிறார்.

நிலையத்தில் கடிதம் கொடுத்தாயிற்று, அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அழைப்பு இல்லாவிட்டால். கம்பு எங்கள் சம்ப் ரூமில் இருக்கிறது, பக்கத்து நகர்காரர்கள் யாருக்காவது வேண்டுமென்றால் வந்து வாங்கிக்கொள்ளலாம்.