மனோ கணேசன் 2010 இல் தேர்தல் கேட்டது கொழும்பிலா, கண்டியிலா? விருப்பு வாக்குக் கணக்கும் இடிக்கிறது (இணைய மன்ற இழை; அட்டவணை, புள்ளடி, கணக்கப்பிள்ளை, பழைய பேப்பர் என்பன எழுதுவோரின் புனைபெயர்கள்)

அட்டவணை:
வணக்கம். கொழும்பு மாவட்டத் தமிழ் எம்.பிமாரின் தேர்தல் வரலாற்றை, 2001 முதல் 2024 வரை, ஒரே அட்டவணையில் கொண்டுவரப் பார்க்கிறேன். ஜனநாயக மக்கள் முன்னணித் தலைவர் மனோ கணேசனின் வரிசையில் மூன்று இடங்கள் இடிக்கின்றன.

2010 க்கு ஒரு பட்டியலில் "கணேசன், கொழும்பு, 42,851" என்று கிடக்கிறது. இன்னொரு இடத்தில் அந்த முறை கண்டியில் கேட்டுத் தோற்றார் என்கிறார்கள். எது சரி?

விருப்பு வாக்கு (கட்சிப் பட்டியலுக்குள் வேட்பாளருக்குப் போடுவது) 2015 இல் 69,064, 2020 இல் 62,091. "செல்வாக்குச் சரிவு" என்று குறிப்பு எழுதினால் பிழையா?

2024 இல் தோற்றவர் இப்போது சபையில் இருக்கிறார். வெற்றி, தோல்வி என்று இரண்டே சொல் உள்ள நிரலில் இதை எப்படிப் போடுவது?

புள்ளடி:
முதல் கேள்விக்குப் பதில்: இரண்டும் சரி, ஆள்தான் வேறு. 2010 ஏப்ரலில் கொழும்பில் 42,851 எடுத்து எம்.பி ஆனவர் பிரபா கணேசன், மனோவின் தம்பி. மனோ அந்த முறை கண்டி மாவட்டத்தில் ஐக்கிய தேசிய முன்னணிப் பட்டியலில் கேட்டார், தெரிவாகவில்லை. இருவரும் ஒரே கட்சி, ஒரே யானைச் சின்னம், ஒரே தந்தை பெயர் என்பதால் முதலெழுத்தை விட்டுவிட்டு "கணேசன்" என்று மட்டும் ஏற்றிய பட்டியல்கள் எல்லாம் இப்படித்தான் குழப்பும். முழுப்பெயர் இல்லாத வரியை அட்டவணைக்குள் எடுக்கவே வேண்டாம்.

அதோடு நிற்காது. பிரபா கணேசன் 2010 ஆகஸ்டில், நுவரெலியா எம்.பி திகாம்பரத்தோடு சேர்ந்து, அரசாங்கப் பக்கம் போனார். ஆகவே அவரது வரிசையில் "தெரிவான கட்சி", "சபையில் அமர்ந்த பக்கம்" என்று இரண்டு நிரல் தேவை. ஒரே நிரலில் போட்டால் 2010 இல் அவர் அரசாங்கக் கூட்டணியின் வெற்றிலைச் சின்னத்தில் வென்றதாக வாசிப்பவர் நினைப்பார்.

கண்டிக்குத் திகதியும் கவனம். 2010 பொதுத் தேர்தல் ஏப்ரல் 8 தான், ஆனால் நாவலப்பிட்டியில் 37 வாக்குச்சாவடிகளின் வாக்களிப்பு இரத்தாகி ஏப்ரல் 20 இல் மீள நடந்தது. அதனால் கண்டி மாவட்ட முடிவு அதற்குப் பிறகுதான் பூரணமானது. ஏப்ரல் 9, 10 பத்திரிகையை வைத்துக் கண்டி எண்களை எடுத்தால் அவை அரைகுறை எண்கள்.

மனோவின் வரிசை இப்படி வரும்:

2001 டிசம்பர், பாராளுமன்றம், கொழும்பு, யானை: தெரிவு
2004 ஏப்ரல், பாராளுமன்றம், கொழும்பு, யானை: தெரிவு
2010 ஏப்ரல், பாராளுமன்றம், கண்டி, யானை: தெரிவில்லை
2011 அக்டோபர், கொழும்பு மாநகர சபை, ஏணி: தெரிவு
2014 மார்ச், மேல் மாகாண சபை, கொழும்பு, ஏணி: தெரிவு
2015 ஆகஸ்ட், பாராளுமன்றம், கொழும்பு, யானை, 69,064: தெரிவு
2020 ஆகஸ்ட், பாராளுமன்றம், கொழும்பு, தொலைபேசி (ஐக்கிய மக்கள் சக்தியின் சின்னம்), 62,091: தெரிவு
2024 நவம்பர், பாராளுமன்றம், கொழும்பு, தொலைபேசி: தெரிவில்லை
2024 டிசம்பர்: தேசியப் பட்டியல் உறுப்பினர்

நடுவில் இருக்கிற 2011, 2014 இரண்டையும் பாராளுமன்றத்தை மட்டும் பார்க்கிற பட்டியல்கள் விட்டுவிடுகின்றன. அவரது அரசியலைப் புரிந்துகொள்ள அந்த இரண்டுமே முக்கியம் என்பது என் எண்ணம். யானையை விட்டுத் தனியாக, சொந்த ஏணிச் சின்னத்தில் கேட்டு, மாநகர சபையில் கட்சிக்கு 6 ஆசனம் எடுத்த காலம் அது. 2015 இல் கூட்டணிப் பேரம் பேசும்போது கையில் இருந்த சீட்டு அதுதான்.

இன்னொன்று: 2001, 2004 காலத்துப் பத்திரிகைகளில் அவரது கட்சியை ஜனநாயக மக்கள் முன்னணி என்று தேடினால் அகப்படாது. அப்போது அதன் பெயர் மேலக மக்கள் முன்னணி. அவர் தலைமையிலான தமிழ் முற்போக்குக் கூட்டணி வந்ததோ 2015 ஜூனில்.

கணக்கப்பிள்ளை:
இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். "செல்வாக்குச் சரிவு" என்று தயவுசெய்து எழுதாதீர்கள். மனாப்பே (விருப்பு வாக்கு) எண்ணைத் தனியாக வைத்து இரண்டு தேர்தல்களை ஒப்பிடவே முடியாது.

வாக்காளர் முதலில் கட்சிக்குப் புள்ளடி போடுகிறார். பிறகுதான் அதே கட்சியின் பட்டியலுக்குள் ஆகக்கூடியது 3 பேருக்கு விருப்பு இலக்கம். ஆகவே ஒரு வேட்பாளர் எடுக்கக்கூடிய உச்ச எண் அவரது கட்சி அந்த மாவட்டத்தில் எடுத்த வாக்குத்தான். கட்சி வாக்கு சுருங்கினால் எல்லோருடைய விருப்பு வாக்கும் சுருங்கும். வகுத்துப் பாருங்கள்:

2010, பிரபா: 42,851 / 339,750 = 12.6 வீதம்
2015, மனோ: 69,064 / 640,743 = 10.8 வீதம்
2020, மனோ: 62,091 / 387,145 = 16.0 வீதம்

எண் ஏழாயிரம் குறைந்திருக்கிறது, பங்கு ஏறியிருக்கிறது. 2015 இல் யானைக்குப் போட்டவர்களில் ஒன்பது பேரில் ஒருவர், 2020 இல் தொலைபேசிக்குப் போட்டவர்களில் ஆறு பேரில் ஒருவர். இதற்குள்ளும் ஒரு பொறி உண்டு: 2015 இன் 640,743 ஒன்றுபட்ட ஐக்கிய தேசியக் கட்சி (ஐ.தே.க) அணியின் வாக்கு, 2020 இன் 387,145 பிளவுக்குப் பிறகு சஜித் பிரேமதாசவின் ஐக்கிய மக்கள் சக்திப் பக்கம் வந்த வாக்கு. வாக்காளர் கூட்டமே மாறியிருக்கிறது. ஆகவே "செல்வாக்கு ஏறியது" என்றும் எழுத வேண்டாம். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிட்டு விடுங்கள், வாசிப்பவர் தீர்மானிப்பார்.

வீதங்களைக் கூட்டினால் 100 வராதே என்று பயப்பட வேண்டாம். ஆளுக்கு மூன்று விருப்பு என்பதால் 300 வரை போகலாம். நடைமுறையில் அவ்வளவு வராது, பலர் ஒன்றோ இரண்டோ போடுகிறார்கள், சிலர் கட்சிக்குப் போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். அதேபோல 2015 இல் ரணில் எடுத்த 500,566 உம் பெரிய எண்ணாகத் தெரியும், கட்சி வாக்கில் 78 வீதம் என்று போட்டால்தான் பொருள்படும்.

ஆசனக் கணக்கையும் ஒரு தடவை கையால் போட்டுப் பாருங்கள், உங்கள் எண்கள் சரியா என்று அதுவே காட்டிவிடும். 2020 கொழும்பு, 19 ஆசனம். பொதுஜன பெரமுன 674,603, ஐக்கிய மக்கள் சக்தி 387,145, தேசிய மக்கள் சக்தி 67,600. 5 வீதத்துக்குக் கீழே எடுத்தவர்களைக் கழித்துவிட வேண்டும், அதனால் 30,875 எடுத்த ஐ.தே.க வெளியே. மூன்றின் கூட்டு 1,129,348. முதலாவதாக வந்த கட்சிக்குப் போனஸ் ஆசனம் ஒன்று போக, மீதி 18 ஆல் வகுத்தால் 62,741.6. பின்னம் வந்தால் அடுத்த முழு எண்: 62,742. இதுதான் ஓர் ஆசனத்தின் விலை. பெரமுனவுக்கு 10, மிச்சம் 47,183. ஐ.ம.சவுக்கு 6, மிச்சம் 10,693. தே.ம.சவுக்கு 1, மிச்சம் 4,858. வந்தது 17, இன்னும் ஒன்று இருக்கிறது, அது பெரிய மிச்சத்துக்கு, அதாவது பெரமுனவுக்கு. போனஸோடு 12, 6, 1. வெளியான முடிவும் அதுவே.

பலர் பிழை விடுவது இரண்டு இடத்தில். போனஸைக் கழிக்காமல் 19 ஆல் வகுப்பார்கள். அல்லது 5 வீதத்துக்குக் கீழான வாக்குகளையும் கூட்டிவிடுவார்கள். இரண்டு பிழையையும் சேர்த்து விட்டாலும் சிலவேளை சரியான விடை வந்து தொலைக்கும், அதுதான் ஆபத்து.

2024 க்கு ஆசனம் 18 என்பதை மறக்க வேண்டாம். தேசிய மக்கள் சக்தியின் 788,636 உம் ஐக்கிய மக்கள் சக்தியின் 208,249 உம் மட்டுமே 5 வீதத்தைத் தாண்டின. 17 ஆல் வகுத்தால் விலை 58,641. ஐ.ம.சவுக்கு முழுதாக வந்தது 3 தான், நாலாவது மிச்சத்தில் வந்தது: 32,326 எதிர் 26,303. ஆக அந்தப் பட்டியலில் விருப்பு வாக்கில் முதல் நாலு பேருக்குத்தான் இடம். 2020 இல் அதே கட்சிக்கு 6 இடம் இருந்தது. மனோவின் 2024 தோல்வியைப் பற்றிக் குறிப்பு எழுதுவதானால் இந்த 6, 4 வித்தியாசம் இல்லாமல் எழுதக் கூடாது.

பழைய பேப்பர்:
மூலம் எங்கே எடுப்பது என்று யாரும் சொல்லவில்லை, சொல்லிவிடுகிறேன்.

மாவட்டக் கட்சி வாக்கும் விருப்பு வாக்கும் தேர்தல்கள் ஆணைக்குழுவின் தளத்தில் இருக்கின்றன. பழைய ஆண்டுகளுக்கு அவர்களது அறிக்கைப் புத்தகங்கள்தான் நம்பகம், அலுவலகம் இராஜகிரிய சரண மாவத்தையில். ஆணைக்குழு வந்தது 2015 நவம்பரில், ஆகவே அதற்கு முந்திய ஆவணங்களைத் தேர்தல் திணைக்களம், தேர்தல் ஆணையாளர் என்ற பெயர்களில் தேட வேண்டும். 2015 ஆகஸ்ட் தேர்தலும் அந்தப் பழைய கணக்கில்தான் வரும்.

தெரிவானவர்களின் பெயர்கள் அதிவிசேட வர்த்தமானியில் வரும். வர்த்தமானி பெயரை உறுதிப்படுத்தத்தான், வாக்கு எண்ணுக்கு அல்ல. பழைய பத்திரிகை பார்க்க கொழும்பு 7 இல் தேசிய சுவடிகள் திணைக்களம். சில இதழ்கள் 'நூலகம்' என்ற இணையத்தளத்திலும் கிடைக்கும். பத்திரிகையில் வரும் முதல் நாள் எண்ணைப் பென்சிலால் எழுதுங்கள், ஆணைக்குழு அறிக்கையோடு ஒத்துப்போன பிறகு பேனையால்.

தளத்திலும் இல்லை, புத்தகமும் அகப்படவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016 இன் 12 ஆம் இலக்கம். ஆர்.டி.ஐ 01 படிவத்தை ஆணைக்குழுவின் தகவல் அலுவலருக்குக் கொடுத்துப் பற்றுச்சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். தமிழிலேயே கொடுக்கலாம். தருவதா இல்லையா என்ற முடிவு 14 வேலைநாளுக்குள் வர வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு. "மனோ கணேசன் பற்றிய எல்லாத் தகவலும்" என்று கேட்டால் வேலைக்காகாது. ஆண்டு, மாவட்டம், கட்சி மூன்றையும் எழுதி "அந்தப் பட்டியலின் வேட்பாளர் எல்லோரதும் விருப்பு வாக்கு எண்ணிக்கை" என்று கேளுங்கள்.

அட்டவணை:
பெரிய உதவி. இன்னொரு சந்தேகம்: கொழும்பு வடக்கில் இவ்வளவு, கொழும்பு மத்தியில் இவ்வளவு என்று விருப்பு வாக்கைப் பிரித்துப் போட ஏலுமா? முகநூலில் அப்படிச் சில எண்கள் சுற்றுகின்றன. தேசியப் பட்டியல் கேள்வியும் இன்னும் நிற்கிறது.

புள்ளடி:
ஏலாது. கொழும்பு மாவட்டத்தின் 15 தேர்தல் தொகுதிகளுக்கும் கட்சி வாக்குத்தான் தனித்தனியாக வெளிவரும், தபால் வாக்கு வேறாக வரும். விருப்பு வாக்கு மாவட்டத்துக்கு ஒரே எண். தொகுதிவாரி மனாப்பே என்று யாராவது போட்டால் அது கட்சி முகவர்களின் மதிப்பீடு, அல்லது கற்பனை.

தேசியப் பட்டியல்: 29 ஆசனம், நாடு முழுதும் எடுத்த வாக்கின்படி பிரிக்கப்படும். 2024 இல் ஐக்கிய மக்கள் சக்திக்கு 5 வந்தது. கட்சி முன்கூட்டிக் கொடுத்த தேசியப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், அல்லது ஏதாவது ஒரு மாவட்ட வேட்புமனுவில் இருக்க வேண்டும். இந்த இரண்டாவது வாசலால்தான் தோற்ற வேட்பாளர்கள் வருகிறார்கள், சட்டப்படி சரியே. அது முறையா என்பது வேறு வாதம், அதை இந்த இழைக்குள் இழுக்க வேண்டாம்.

உங்கள் நிரலை "முடிவு", "சபைக்கு வந்த வழி" என்று பிரியுங்கள். வழிக்கு மூன்று சொல் போதும்: விருப்பு வாக்கு, தேசியப் பட்டியல், வெற்றிட நிரப்பல். மூன்றாவது கொழும்பிலேயே இருக்கிறது. 2023 ஜனவரியில் முஜிபுர் ரஹ்மான் கொழும்பு மேயர் பதவிக்குக் கேட்பதற்காக எம்.பி பதவியை விட்டார், பட்டியலில் அடுத்து இருந்த ஏ.எச்.எம். பௌசி பெப்ரவரியில் சத்தியப்பிரமாணம் செய்தார். மார்ச் 9 க்கு வைத்திருந்த அந்த உள்ளூராட்சித் தேர்தல் அன்று நடக்கவில்லை, நடந்தது 2025 மே மாதம்தான். ஆகவே முஜிபுர் ரஹ்மானுக்கு 2020 பாராளுமன்றம் 2023 இல் முடிகிறது, பௌசிக்கு அதே ஆண்டில் தொடங்குகிறது. தேர்தல் திகதியையே பதவித் திகதியாகப் போட்டால் இரண்டு பேருமே பிழையாவார்கள்.

கணக்கப்பிள்ளை:
1989 க்கு முன்னால் போகும் எண்ணம் இருந்தால் வேறு அட்டவணை திறவுங்கள். விருப்பு வாக்கு 1988 இன் 14 ஆவது திருத்தத்தோடு வந்தது, 5 வீத வெட்டுப்புள்ளி அதே ஆண்டின் 15 ஆவது திருத்தத்தில். அதற்கு முன்பு கொழும்பு மத்தி மூன்று அங்கத்தவர் தொகுதி, ஒரு வாக்காளருக்கு 3 வாக்கு. அதனால் அளிக்கப்பட்ட வாக்கு பதிவான வாக்காளர் தொகையைத் தாண்டி நிற்கும், அச்சுப்பிழை என்று திருத்திவிடாதீர்கள். கம்யூனிஸ்ட் கட்சியின் பீட்டர் கெனமன் 1947 முதல் 1977 வரை அந்தத் தொகுதியின் எம்.பிமாரில் ஒருவர். 1977 இல் தெரிவானவர்களுக்கு அடுத்த பொதுத் தேர்தல் 1989 பெப்ரவரியில்தான், 1982 டிசம்பர் சர்வஜன வாக்கெடுப்பு ஆயுளை நீட்டியதால். அந்த இடைவெளியில் வரி வெறுமையாக இருப்பதுதான் சரி.