கொங்கிரீட் தரையை உயர்த்திப் பலகை பதித்தல்

கேள்வி: வெள்ளவத்தையிலுள்ள எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில், பின்னறையின் கொங்கிரீட் தரை கூடத்தைவிட 50 மில்லிமீற்றர் தாழ்ந்திருக்கிறது. 15 மில்லிமீற்றர் தேக்குப் பலகை பதிக்கவுள்ளதால், மீதியைச் சீமெந்துச் சாந்தால் நிரப்பலாம் என்று மேசன் கூறுகிறார். பழைய தரையின்மீது அப்படியே பூசலாமா?

பதில் 1: தயவுசெய்து அப்படிப் பூச விடாதீர்கள். 35 மில்லிமீற்றர் சாந்து தனித்து நிற்கும் தடிப்பன்று. அது பழைய கொங்கிரீட்டுடன் ஒட்டியே ஆகவேண்டும். ஆகவே மேற்பரப்பைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, தூசும் வர்ணமும் எண்ணெய்ப்பசையும் நீக்கி, நீரில் ஊறவைத்து, சீமெந்துக் கூழைத் தேய்த்து, அது காயுமுன்பே சாந்தை இடுங்கள். பிறகு தட்டிப் பாருங்கள். வெற்றொலி எழுமிடம் ஒட்டவில்லை.

பதில் 2: ஈரமே எனக்குப் பெருங்கவலை. நல்ல காற்றோட்டத்திலும் சாந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர்தான் உலரும்; அதாவது ஐந்து வாரங்களேனும் தேவை, தென்மேற்குப் பருவமழையில் இன்னும் கூடும். பிறகு சாந்தின்மேல் பொலித்தீன் துண்டொன்றை நான்கு பக்கமும் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அடியில் நீர் கோத்தால் பலகை பதிக்கக்கூடாது. நிலத்தீரம் மேலேறும் பழைய வீடாயின் எப்பொக்சி ஈரத்தடுப்புப் பூச்சும் அவசியம்.

பதில் 3: சாந்தின்மேல் வைத்த 2 மீற்றர் மட்டக்கோலின் கீழ் 3 மில்லிமீற்றருக்கு மேல் இடைவெளி தெரியக்கூடாது. பலகை விரிய இடமிருக்குமாறு, சுவரோரம் 10 மில்லிமீற்றர் இடைவெளி விடுங்கள்.