‘கேட்ச் எ ஃபயர்’ பேஸ் பழக ஒரு உதவி வேண்டும்

நண்பர்களே, ரெகே பாடகர் பாப் மார்லியும் அவர் குழுவான வெயிலர்ஸும் 1973-ல் வெளியிட்ட ‘கேட்ச் எ ஃபயர்’ ஆல்பத்தைக் கேட்டுக் கேட்டு பேஸ் கிட்டார் பழகிக்கொண்டிருக்கிறேன். முதல் பாட்டு ‘கான்கிரீட் ஜங்கிள்’லேயே மாட்டிக்கொண்டேன். அதில் மட்டும் பேஸ் வாசிப்பது குழுவின் வழக்கமான பேஸ் கலைஞர் ஆஸ்டன் பேரட் இல்லை, ராபி ஷேக்ஸ்பியர். டிரம்ஸில் ஆஸ்டனின் தம்பி கார்ல்டன். மற்ற டிரம்மர்கள் போல முதல் தட்டில் கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) அடிக்காமல் அதைக் காலியாக விட்டு மூன்றாவதில் அடிக்கிற ஆள், அந்தக் காலி இடத்தில்தான் எனக்கு விரல் தடுமாறுகிறது.

இன்னொரு சிக்கல், ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பதிவான டேப் லண்டனுக்குப் போனதும், ராக் கேட்பவர்களையும் பிடிக்க வேண்டும் என்று ஆல்பத்தை வெளியிட்ட ஐலண்ட் ரெக்கார்ட்ஸின் கிறிஸ் பிளாக்வெல் அலபாமாக்காரர் வெய்ன் பெர்கின்ஸை கிட்டார் வாசிக்க வைத்தார், டெக்சாஸ்காரர் ‘ராபிட்’ பண்ட்ரிக் கீபோர்ட். அந்த கிட்டார் அருமைதான், மறுக்கவில்லை, ஆனால் காது அதன் பின்னாலேயே போய்விடுகிறது.

2001-ல் வந்த இரட்டை சிடியில் லண்டன் சேர்க்கைகள் இல்லாத பழைய ஜமைக்கா மிக்ஸ் இருக்கிறது. அதை வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள், பேஸ் தனியாகப் பிடிபடுகிறதா? வாங்கலாமா?

அப்புறம், என் பேஸ் கம்பிகள் ரவுண்ட்வூண்ட் (மேலே உருண்டைக் கம்பி சுற்றிய வகை), ‘டொய்ங்’ என்று தகரம் மாதிரி சத்தம். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை வெட்டி பிரிட்ஜ் (கிட்டார் உடலில் கம்பிகள் தாங்கி நிற்கும் இடம்) பக்கம் கம்பிக்கு அடியில் செருகிப் பார்த்தேன், கொஞ்சம் அடங்கியது. தட்டையான கம்பி சுற்றிய ஃப்ளாட்வூண்ட் போட்டால்தான் சரிவருமா?