மம்மியும் லெனினும்: செத்த உடம்பை எதற்குக் கட்டிக் காத்தார்கள்?

அக்கினிதீர்த்தக்காரன்:
ராமேஸ்வரம் கடற்கரையில் கடை வைத்திருக்கிறேன். எங்கெங்கிருந்தோ அஸ்தி கரைக்க வருகிறார்கள், எலும்பைக்கூட வைத்துக்கொள்ளக் கூடாது, கடலில் விட்டால்தான் நிம்மதி. நேற்று மகன் எகிப்து மம்மி பற்றிப் படித்துக்கொண்டே "லெனினையும் இப்படித்தானே வைத்திருக்கிறார்கள்?" என்றான். எகிப்துக்காரனுக்கு மறுமையில் நம்பிக்கை, சரி. சாமியே இல்லை என்றவர்கள் ஏன் செய்தார்கள்? அப்புறம், மம்மி மூக்கில் நம்ம ஊர் மிளகு இருந்ததாமே?

பாம்பன்_கருவாடு:
செய்முறையை நான் சொல்கிறேன் அண்ணே, கிட்டத்தட்ட எங்கள் தொழில்தான். நெத்திலி, காரல் என்றால் மணலில் அப்படியே காயப் போடலாம். சீலா, பாறை மாதிரி பெரிய மீனைக் கீறிக் குடலெடுத்து உப்பு திணிக்காவிட்டால் உள்ளுக்குள் அழுகிவிடும். எகிப்திலும் ஆதியில் சூட்டு மணலில் புதைத்தார்கள், உடம்பு தானாகக் காய்ந்தது. பெட்டிக்குள் வைத்தால் மணல் படாது, அழுகும். பிற்காலத்தில் ஈரல், நுரையீரல், இரைப்பை, குடலைத் தனித்தனி ஜாடியில் போட்டு, உடம்பை நேட்ரான் என்கிற உவர் உப்பால் மூடினார்கள். மொத்தம் 70 நாள். மூளையை மூக்கு வழியாக இழுத்துத் தூக்கி எறிந்தார்கள், இதயத்தை மட்டும் உள்ளேயே விட்டார்கள், மறுமையில் தராசில் வைப்பது அதைத்தான். (இதைப் படித்துவிட்டு யாரும் கருவாட்டை விட்டுவிடாதீர்கள்.)

வைகைமுகம்:
மிளகு இருந்தது உண்மை. கி.மு. 1213இல் இறந்த எகிப்து மன்னர் இரண்டாம் ராம்சேஸின் மூக்கில். ஆனால் "நம்ம ஊர்" என்று அடித்துவிடாதீர்கள், ராமநாதபுரத்தில் கருவேலம் வளரும், மிளகு மேற்குமலைச் சரக்கு. நம் பக்கம் கெட்டியான சாட்சி 1,100 வருடத்துக்கு மேல் கழித்துத்தான் கிடைக்கிறது: எகிப்தின் செங்கடல் கரையில் பெரனிகே துறைமுகக் கோயிலில் இந்தியப் பானைக்குள் ஏழரைக் கிலோ மிளகு, குசைர் அல் காதிமில் 'பானை ஒறி' என்று தமிழ் பிராமியில் கீறிய ஓடு (நம் வீட்டு உறிதான்), இங்கே அழகன்குளத்தில் ரோமானியக் காசுகள். இவ்வளவு இருக்கும்போது ராம்சேஸ் மூக்கு எதற்கு?

தோழர்_வீட்டுப்பிள்ளை:
எங்கள் வீட்டுச் சுவரில் லெனின் படம் உண்டு, அப்பா கட்சிக்காரர், அதனால் எதிரி சொல்கிறான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 1924 ஜனவரியில் அவர் இறந்ததும், சின்னம், மாளிகை எதுவும் எழுப்பாதீர்கள் என்று மனைவி குரூப்ஸ்கயா பத்திரிகையிலேயே எழுதினார், யார் கேட்டார்கள்? 1941இல் ஜெர்மன் படை நெருங்கியபோது அந்த உடம்பை ரயிலேற்றி சைபீரியாவின் த்யூமெனில் கொண்டுபோய் வைத்து, 1945இல்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஸ்டாலினை 1953இல் பக்கத்தில் படுக்க வைத்தார்கள், காற்று திசை மாறியதும் 1961இல் எடுத்து கிரெம்ளின் சுவரோரம் புதைத்தார்கள். வியட்நாம் தலைவர் ஹோ சி மின் தன்னை எரித்துவிடச் சொல்லி எழுதி வைத்திருந்தார், 1969இல் அவர் இறந்தபோது அந்தப் பகுதியை வெளியிடவே இல்லை. சீனாவின் மாவோ 1956இலேயே எரியூட்டுவதற்குக் கையெழுத்துப் போட்டவர். இருவரும் இன்று கண்ணாடிப் பெட்டியில். ஆக, செத்தவர் எதை நம்பினார் என்பதல்ல அண்ணே, அடுத்து நாற்காலியில் உட்காருபவருக்கு அந்த உடம்பு வேண்டும். எகிப்திலும் பாருங்கள், மன்னர் துட்டன்காமன் கல்லறைச் சுவரில் அவருக்கு வாய்திறப்புச் சடங்கு (செத்தவர் மறுமையில் பேசவும் உண்ணவும் செய்வது) செய்வது ஆய் என்பவர், அடுத்து அரியணை ஏறியவர், மகன்கூட இல்லை. கொள்ளி வைத்தவனுக்குத்தான் சொத்து என்று நம் ஊரில் சொல்வதில்லையா?

அக்கினிதீர்த்தக்காரன்:
கொள்ளிக் கணக்கு சட்டென்று புரிந்தது. மகனிடம் சொன்னேன், அவனுக்கு அடுத்த கேள்வி வந்துவிட்டது: லெனினுக்கும் குடலை எடுத்தார்களா?

பாம்பன்_கருவாடு:
எடுத்தார்கள். மூளையையும்தான், ஆனால் எறியவில்லை. ஜெர்மன் மருத்துவர் ஒருவரை வரவழைத்து, மாஸ்கோவில் அதற்கென்றே ஒரு ஆய்வுக்கூடம் வைத்து, தாள் தாளாகச் சீவிப் பார்த்தார்கள்.