பாம்பன் பாலம் கடந்த ஒய்டிஎம்-4: மாடலுக்கு எந்தச் சத்தம், என்ன நிறம்?

மண்டபம் வடக்குக்கரை:

அண்ணன்மாருக்கு வணக்கம். மண்டபத்தில் கடலை ஒட்டிய வீடு. மாடியில் ஓர் அறையை ரயிலுக்கென்று ஒதுக்கியிருக்கிறேன். வீட்டில் அந்த அறைக்கு வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது.

செய்ய நினைப்பது ஒரே எஞ்சின். 2007இல் அகலப்பாதை வருவதற்கு முன்பு இராமேஸ்வரம் வண்டிகளை இழுத்த மீட்டர்கேஜ் டீசல், ஒய்டிஎம்-4. எச்ஓ அளவு, அதாவது 87இல் ஒரு பங்கு. அந்த அளவில் மீட்டர்கேஜுக்கு 12 மி.மீ. தண்டவாளம் ஏறக்குறைய சரியாக வந்துவிடுகிறது. கூடு ரெசினில் அச்சடித்து வந்தாயிற்று. அடியில் ஓடுவதற்கு ஒரு பழைய ஜெர்மன் டிடி அளவு (120இல் ஒரு பங்கு) மாடல் டீசலை வாங்கிப் பிரித்து வைத்திருக்கிறேன். ஆறு அச்சு, அதே 12 மி.மீ. பாதை. சக்கரம்தான் சின்னது. அசல் சக்கரம் 965 மி.மீ., மாடலில் 11 வர வேண்டும், இதில் 8 சொச்சம். போகியின் (சக்கரங்களைத் தாங்கும் அடிவண்டி) பக்கச்சட்டத்தைக் கொஞ்சம் இறக்கி ஒட்டினால் கண்ணுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன்.

இனிதான் குழப்பம். டிசிசி டிகோடர், அதாவது தண்டவாளம் வழியாக வரும் டிஜிட்டல் கட்டளையைப் படித்து எஞ்சினை ஓட்டும் சில்லு, போட்டு சத்தத்தோடு ஓட்ட ஆசை. ஒய்டிஎம்-4ஐ வடிவமைத்த அமெரிக்கக் கம்பெனியான ஆல்கோவின் பெயர் போட்ட சத்தக் கோப்புகள் ஏகப்பட்டது இருக்கின்றன, எல்லாம் அமெரிக்க எஞ்சின்கள். நம்ம ஒய்டிஎம்-4க்கு எது பொருந்தும்? நிறம் எதை நம்பி அடிப்பது? அப்புறம் இந்த உப்புக்காற்றில் டிகோடர் எத்தனை நாள் தாங்கும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

உச்சிப்புளி டீசல்:

தம்பி, சத்தத்தைப் பற்றி மட்டும் நான் பேசுகிறேன். டீசல் ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். காது பாதி போய்விட்டது, மீதிப் பாதியில் இன்னும் அந்த எஞ்சின்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆல்கோ 251 என்றால் ஒரே எஞ்சின் இல்லை, ஒரு குடும்பம். ஆறு சிலிண்டர் வரிசையாக நிற்பதும் உண்டு, வி வடிவில் பன்னிரண்டு, பதினாறு என்றும் உண்டு. அகலப்பாதை டபிள்யூடிஎம்-2இல் இருப்பது பதினாறு, 2600 குதிரைசக்தி. உன் ஒய்டிஎம்-4இல் இருப்பது ஆறு. இதைப் பார்க்காமல் ‘ஆல்கோ சவுண்ட்’ என்று கண்ணில் பட்டதை ஏற்றினால், மீட்டர்கேஜ் உடம்புக்குள் அகலப்பாதைக்காரன் உட்கார்ந்து கத்துவான்.

கணக்குப் போட்டே காட்டுகிறேன். நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை வெடிக்கும். ஐடிலில் நிமிடத்துக்கு 400 சுற்று என்று வை. ஆறு சிலிண்டருக்கு நிமிடத்துக்கு 1200 வெடிப்பு, வினாடிக்கு 20. பதினாறு சிலிண்டருக்கு வினாடிக்கு 53. வினாடிக்கு 20 என்றால் காது அதை ஒரே இரைச்சலாகக் கேட்காது, தட் தட் தட்டென்று பிரித்தே கேட்கும். இராமநாதபுரம் ஸ்டேஷனில் வண்டி நிற்கும்போது பிளாட்பாரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனுக்கு முதுகில் தெரியுமே, அந்த அடி அதுதான்.

ஆகவே, சி-628, சி-630 என்று பெயர் போட்ட கோப்புகள் வேண்டாம், இரண்டும் பதினாறு. ஆர்எஸ்-11 பன்னிரண்டு, அதுவும் வேண்டாம். எஸ்-6 என்ற ஷண்டிங் எஞ்சினின் கோப்பு கிடைத்தால் எடு, அது ஆறு சிலிண்டர் 251. ஆனால் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதே என்று எஸ்-2, ஆர்எஸ்-1 பக்கம் போகாதே. அவையும் ஆறுதான், ஆனால் 539 என்ற பழைய எஞ்சின், குரலே வேறு. இன்னொரு வழியும் இருக்கிறது. அலாஸ்காவில் வொயிட் பாஸ் அண்ட் யூகான் என்று ஒரு குறும்பாதை ரயில். அங்கே ஓடிய டிஎல்-535 எஞ்சின்கள் நம்ம ஒய்டிஎம்-4க்கு நேர்ப் பங்காளி. நம்மதும் டிஎல்-535 தான், கடைசி எழுத்து மட்டும் வேறு. பனிமலையில் ஏறுகிற பங்காளியின் குரலை உப்புக்கடலில் போட்டுக்கொள்ளலாம், தப்பில்லை.

கோப்பு கிடைத்ததும் முதல் வேலை, மணியை எடுத்துவிடு. அமெரிக்கக் கோப்பில் கன்ட்ரோலரின் எஃப்1 பொத்தானை அழுத்தினால் மணி அடிக்கும். நம்ம எஞ்சினில் மணி ஏது? அடுத்தது பிரேக். அவர்களுடையது முழுக்கக் காற்று பிரேக், நின்றதும் ‘புஸ்’ என்று ஊதும். நம்ம மீட்டர்கேஜ் வண்டிகள் வேக்குவம். எஞ்சினில் எக்ஸ்பிரஸர் என்று ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும், பாதி வேலை காற்றை அமுக்குவது, பாதி வேலை வேக்குவம் இழுப்பது. அதன் லொடலொடப்பை மெலிதாகப் பின்னால் விட்டு, அந்த ஊதலைக் குறைத்து வை. ஹாரன் மட்டும் எந்தக் கோப்பிலும் சரிவராது, அதை நீயே பதிவு செய்துதான் ஏற்ற வேண்டும்.

முக்கியமான விஷயம் இதற்கப்புறம்தான். எல்லாரும் மாடலில் எட்டாவது நாட்ச் (திராட்டிலின் கடைசிப் படி) உறுமலைக் கேட்கத்தான் காசு போடுகிறார்கள். பாம்பன் பாலத்தில் அந்த எஞ்சின் உறுமியதே இல்லை! மண்டபத்தில் கிளம்பும்போது இரண்டு மூன்று நாட்ச் போவான், கறுப்புப் புகை ஒரு கொத்து போகும், டர்போ விசில் ஏறும். பாலத்தில் ஏறுமுன் திராட்டிலைக் குறைத்துவிடுவான். அப்புறம் கர்டர் சத்தம்தான் பெரிது, எஞ்சின் கீழே முனகிக்கொண்டு போகும். மணிக்கு 10 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் உன் அளவில் வினாடிக்கு 3.2 செ.மீ. இரண்டு மீட்டர் பாலம் கட்டினாயானால் கடக்க ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே. அந்த ஒரு நிமிடம் எஞ்சின் ஐடிலுக்கு அடுத்த நாட்சிலேயே இருக்க வேண்டும். டிகோடர் வாங்கும்போது வேகத்தையும் எஞ்சின் சத்தத்தையும் தனித்தனியாக ஆள முடிகிறதா என்று கேட்டு வாங்கு. இல்லையென்றால் எவ்வளவு நல்ல கோப்பும் வீண்.

கீழக்கரை வயரிங்:

உச்சிப்புளி அண்ணன் சொன்ன அந்தக் கடைசி வசதி லோக்சவுண்ட் 5 டிகோடரில் உண்டு, ‘டிரைவ் ஹோல்ட்’ என்று பெயர். அதை அழுத்திவிட்டால் வண்டி அதே வேகத்தில் போகும், திராட்டில் எஞ்சின் சத்தத்தை மட்டும் ஏற்றி இறக்கும். உங்கள் கூட்டின் அகலத்துக்கு மைக்ரோ வகைதான் நுழையும். ஜெர்மன் அடிச்சட்டம் பழையது என்கிறீர்கள், சாக்கெட் இருக்காது. மோட்டாரின் இரண்டு முனையும் சட்டத்தைத் தொடாமல் தனியாக இருக்கின்றனவா என்று மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே வயரை ஒட்டுங்கள். பழைய எஞ்சின்களில் மோட்டாருக்கு மின்சாரம் தரும் ஒரு கரித்துண்டு நேராகச் சட்டத்திலேயே உட்கார்ந்திருக்கும், அப்படியே இணைத்தால் டிகோடர் முதல் நொடியிலேயே புகைந்துவிடும்.

ஸ்பீக்கருக்கு 11க்கு 15 மி.மீ. சுகர் கியூப் என்ற சின்ன ஸ்பீக்கர் போதும். ஆனால் பின்பக்கம் அடைத்த பெட்டி இல்லாமல் வைக்காதீர்கள், காற்று கசிந்தால் அண்ணன் சொல்லும் ‘தட் தட்’ வராது, கொசு சத்தம்தான் வரும். டிகோடரின் ஒவ்வொரு அமைப்புக்கும் சிவி என்று ஓர் எண் உண்டு, சிவி 63 மொத்தச் சத்தம். கடையில் வரும்போது காது கிழியும் அளவில் இருக்கும், பாதிக்கு இறக்குங்கள். சிவி 3, சிவி 4 இரண்டையும் ஏற்றினால் வண்டி கனத்தோடு கிளம்பும், கனத்தோடு நிற்கும். குழப்பிவிட்டால் சிவி 8இல் 8 எழுதுங்கள், பழைய நிலைக்கு வந்துவிடும்.

உப்பு விஷயம். டிகோடரை விட முதலில் சாவது தண்டவாளமும் சக்கரமும்தான். பித்தளைத் தண்டவாளம் வாங்கவே கூடாது, நிக்கல் சில்வர் மட்டும். ஜன்னலைத் திறந்து வைத்து ஓட்டும் ஆசையை விடுங்கள். வினாடிக்கு 3 செ.மீ. வேகத்தில் ஒரு சிறு அழுக்குப் பட்டாலும் மின்சாரம் விட்டுப்போய் சத்தம் செத்து மறுபடி ஸ்டார்ட் ஆகும், பாலத்தின் நடுவில் அது நடந்தால் அவ்வளவு நேரம் பார்த்ததெல்லாம் போச்சு. அதனால் மின்சாரம் விடும் அந்த நொடியைத் தாங்கும் ஸ்டே அலைவ் கெபாசிட்டர் கட்டாயம். டிகோடரின் மேல் கான்பார்மல் கோட்டிங் என்ற ஈரம் புகாத பூச்சை ஒரு கை பூசலாம், சாக்கெட் முனைகளை மட்டும் டேப் போட்டு மறைத்துக்கொண்டு. ஓட்டாத நாளில் எஞ்சின் சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் இருக்கட்டும்.

தொண்டி அகலப்பாதை:

எதற்கு இவ்வளவு பாடு? அகலப்பாதை டீசலைச் செய்யலாமே. டபிள்யூடிபி-4டி எடுத்தால் ஈஎம்டி என்ற அமெரிக்கக் கம்பெனியின் 710 எஞ்சின், அங்குள்ள எஸ்டி70 வகைக் கோப்பு நேராகப் பொருந்தும். 16.5 மி.மீ. தண்டவாளம் எங்கும் கிடைக்கும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தின் 72.5 மீட்டர் தூக்குப் பகுதியையும் மோட்டார் வைத்து ஏற்றி இறக்கலாம். 1914இன் பழைய ஷெர்சர் தூக்குப் பாலத்தைக் கையால் சுற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.

உச்சிப்புளி டீசல்:

தொண்டித் தம்பி, நீ சொல்வது சுலபம், ஒப்புக்கொள்கிறேன். ஈஎம்டி இரண்டு ஸ்ட்ரோக், சுற்றுக்குச் சுற்று வெடிப்பான், சத்தம் வழுவழு என்று போகும். எனக்கு அது தையல் மிஷின். ஓடட்டும், நல்ல எஞ்சின்தான். ஆனால் 16.5 தண்டவாளத்தில் எச்ஓ உடம்பை வைத்தால் நம்ம அகலப்பாதை அகலப்பாதையாக இருக்காது. 1676ஐ 87ஆல் வகுத்துப் பார், 19க்கு மேல் வரும். கிட்டத்தட்ட மூன்று மி.மீ. ஒடுங்கிய எஞ்சின். 100இல் ஒரு பங்கு அளவில் செய்தால் 16.5 சரியாக உட்காரும், அதற்கு உடம்பை நீயே கட்ட வேண்டும். பாடு எங்கேயும் உண்டு. மண்டபத்துக்காரர் 12 மி.மீ.யில் செய்வதுதான் அளவுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

மண்டபம் வடக்குக்கரை:

மிக்க நன்றி அண்ணே, கீழக்கரை காக்காவுக்கும் (அந்த ஊரில் அண்ணன் என்றால் காக்காதானே) நன்றி. மோட்டாரைச் சோதித்துவிட்டேன், காக்கா சொன்னபடி ஒரு கரி சட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தது, பிரித்துத் தனியாக்கியாயிற்று. எஸ்-6 கோப்பைத் தேடுகிறேன். ஹாரனை எங்கே போய்ப் பதிவு செய்வது? மீட்டர்கேஜ் இங்கே இல்லையே. நிறம் பற்றியும் யாரும் சொல்லவில்லை.

உச்சிப்புளி டீசல்:

ஹாரனுக்கு மட்டும் இல்லை, எஞ்சின் சத்தத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. டபிள்யூடிஎஸ்-6 என்று அகலப்பாதை ஷண்டிங் எஞ்சின் உண்டு. அதன் வயிற்றிலும் இதே ஆறு சிலிண்டர் 251. எந்த யார்டிலாவது இன்னும் வேலை பார்ப்பது கண்ணில் பட்டால், வெளியே ரோட்டில் நின்று பதிவு செய். யார்டுக்குள் அனுமதி இல்லாமல் மைக்கோடு நுழைந்தால் ஆர்பிஎஃப் (ரயில்வே பாதுகாப்புப் படை) உன்னை உட்கார வைத்துத் தனியாகப் பதிவு செய்வார்கள். காற்று மைக்கில் அடிக்கும், பஞ்சு உறை போட்டுக்கொள். ஐடில், ஒவ்வொரு நாட்சுக்கும் ஏறுவது, இறங்குவது என்று தனித்தனித் துண்டாக வேண்டும். இறங்குவதைப் பதிவு செய்ய எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

நிறம். ‘ஒய்டிஎம்-4இன் நிறம்’ என்று ஒன்று கிடையாது. பரவலாகப் பார்த்தது அடர் செம்பழுப்பு உடம்பு, பக்கவாட்டில் வெளிர் மஞ்சள் பட்டை. ஆனால் ஒவ்வொரு ஷெட்டும் தன் இஷ்டத்துக்கு அடித்துக்கொள்ளும், பிஓஎச் என்ற பெரிய பராமரிப்புக்குப் போய் வந்தால் அதுவும் மாறும். ஆகவே ஒரு எண்ணையும் ஒரு வருசத்தையும் முடிவு செய், அந்த எண்ணின் படத்தைத் தேடு, அந்தப் படத்துக்கு மட்டும் விசுவாசமாக இரு. நாலு படத்தைப் பார்த்து நடுவாக ஒன்று அடித்தால் எந்த எஞ்சினுமாக இருக்காது. இராமேஸ்வரம் கோயிலுக்குப் போன குடும்பங்களின் ஆல்பத்தில் தேடு, பாலத்தில் ஜன்னல் வழியாக எஞ்சினை எடுக்காத கேமரா இல்லை. பழைய பிரிண்டில் சிவப்பு வெளுத்திருக்கும் என்பதை மட்டும் மனதில் வை.

அடிக்கும்போது முதலில் மஞ்சள், அது நன்றாகக் காய்ந்ததும் பட்டையை டேப் போட்டு மறைத்து, மேலே செம்பழுப்பு. தலைகீழாகச் செய்தால் சிவப்பின் மேல் மஞ்சள் ஏறவே ஏறாது. எழுத்துக்கு வீட்டுப் பிரிண்டரில் வெள்ளையோ வெளிர் மஞ்சளோ வராது, மை இல்லை. வெள்ளை டெக்கால் தாளில் சுற்றிலும் செம்பழுப்பை அச்சடித்து எழுத்தை மட்டும் தாள் நிறத்தில் விடு. அந்தச் செம்பழுப்பு உன் பெயிண்டோடு ஒட்டுகிறதா என்று சிறு துண்டில் முதலில் பார்த்துவிடு.

துருவைப் போட ஆரம்பித்தால் கை நிற்காது, அளவாகப் போடு. இந்தப் பக்கம் ஓடிய எஞ்சினில் அழுக்கு மேலே இருப்பதை விடக் கீழேதான் அதிகம். போகி, பேட்டரிப் பெட்டி, படிக்கட்டு, பஃபர் இடுக்கு. கூரையில் புகைக்கரி, புகைபோக்கியிலிருந்து பின்னால் மட்டும்.

கீழக்கரை வயரிங்:

ஸ்பிரே செய்வது பற்றி ஒரு வார்த்தை. வாடைக்காற்று நாளில் லாக்கர் பெயிண்ட் அடிக்காதீர்கள், ஈரத்தைப் பிடித்துக்கொண்டு வெள்ளைப் பூத்துவிடும், அந்தச் செம்பழுப்பில் அப்பட்டமாகத் தெரியும். கச்சான் என்ற மேல்காற்று வீசும் மாதங்களில் காற்று காய்ந்திருக்கும், ஆனால் மணல் பறக்கும். கதவைச் சாத்தி, தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கிவிட்டு, அது காய்ந்த பிறகு அடியுங்கள். காலை பதினொன்றுக்கு மேல் நல்லது.

மண்டபம் வடக்குக்கரை:

சரி காக்கா, அப்படியென்றால் கூட்டை இப்போதைக்கு பிரைமரோடு நிறுத்திவிட்டு வயரிங்கை முடிக்கிறேன். எண்ணும் வருசமும் முடிவானதும் படத்தோடு வருகிறேன். ஆல்பம் தேட என் சின்னம்மா வீட்டுக்கு இராமேஸ்வரம் போக வேண்டும், அவர்கள்தான் எதையும் தூக்கிப் போடாதவர்கள்.